பரங்கிப்பேட்டைக் காற்றும் வடதுருவக் கடலும்: வேதி மாசுகளின் வழியைக் கணித்த வரலாறு

மொழிக்காக அமைந்த ஓர் அவையில் வேதி நஞ்சுகளின் பயணத்தைப் பற்றிப் பேச வந்தமைக்கு முதலில் ஒரு விளக்கம் கூறக் கடமைப்பட்டுள்ளேன். அறிவியல் வரலாறு என்றால் கண்டுபிடிப்புகளின் வரிசை என்றே நம் பாடநூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன. இங்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது கண்டுபிடிப்பின் வரலாறு அன்று. ஓரிடத்துக்கென உருவான கணக்கை வேறோர் இடத்துக்குப் பொருத்திய வரலாறு. குளிர்நாட்டு ஏரிக்காக எழுதப்பட்ட சமன்பாடு வெப்பநாட்டு நெல்வயலுக்குச் செல்லுமா? செல்லாதெனில் எதை மாற்ற வேண்டும்? மாற்றியபின் கிடைக்கும் விடையை நம்பி ஒரு நாடு சட்டம் இயற்றலாமா? கடந்த ஐம்பது ஆண்டுகளாக வேதி மாசுகளை ஆராய்வோர் இக்கேள்விகளோடுதான் போராடி வருகின்றனர். அந்தப் போராட்டத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மறக்கக்கூடாத பங்கு உண்டு என்பதும், அதனை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது அரிது என்பதும் இவ்வுரைக்குக் காரணங்கள்.

தொடக்கம் ஐரோப்பாவில். 1960களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு மண் அறிவியலாளர் ஸ்வாந்தே ஓடேன், தம் நாட்டு ஏரிகள் அமிலமாகி வருவதற்குப் பிற நாடுகளின் புகைபோக்கிகளிலிருந்து வரும் கந்தகமே காரணம் என்று எழுதினார். 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின்முன் சுவீடன் இதனை ஒரு வழக்கைப் போலவே வைத்தது. குற்றம் சாட்டப்பட்ட நாடுகள் ஆதாரம் கேட்டன. காற்றில் கலந்த கந்தகத்துக்கு நாட்டுக்கொடி கிடையாது. ஆகவே ஆதாரத்தைக் கணக்கின் வழியாகத்தான் தர முடிந்தது. ஐரோப்பாவை 150 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு கந்தகம் வெளியாகிறது, காற்று அதை எத்திசையில் கொண்டு செல்கிறது, எவ்வளவு வழியில் மழையோடு விழுகிறது என்று கணக்கிட்டனர். இறுதியில் எந்த நாடு எந்த நாட்டின்மீது எவ்வளவு கந்தகத்தைப் பொழிகிறது என்ற அட்டவணை பிறந்தது. துறைசார்ந்தோர் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பழிசாட்டும் அட்டவணை' என்பதாகும். 1979இல் ஜெனீவாவில் கையெழுத்தான எல்லை கடந்த காற்று மாசு ஒப்பந்தத்தின் முதுகெலும்பாக இக்கணக்கு முறையே நின்றது. 1994இல் ஆஸ்லோவில் நாடுகள் கந்தகத்தைக் குறைக்க ஒப்புக்கொண்ட அளவுகளும் இத்தகைய மாதிரிகளை வைத்தே பேசி முடிக்கப்பட்டன.

ஆயினும் இக்கணக்கு கந்தகத்துக்கு உரியது. கந்தகம் ஒருமுறை மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். பூச்சிக்கொல்லிகளும் ஆலைகளில் பயன்பட்ட குளோரின் சேர்மங்களும் அவ்வாறல்ல. அவை விழும், வெயில் ஏறினால் மீண்டும் எழும், நீரில் கரைய மறுத்து மீனின் கொழுப்பில் கரையும், வண்டலில் பல ஆண்டுகள் புதைந்திருந்து பின் வெளிவரும். காற்றை மட்டும் பின்தொடரும் கணக்கால் இவற்றைப் பிடிக்க இயலாது.

சுபீரியர் ஏரியின் நடுவே ஐல் ராயல் என்ற தீவு உள்ளது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுள் ஒன்றான அத்தீவில் ஆலையும் இல்லை, வேளாண்மையும் இல்லை. தீவுக்குள்ளே சிஸ்கிவிட் என்ற சிறிய ஏரி இருக்கிறது. அதன் நீர்மட்டம் சுற்றியுள்ள பேரேரியைவிட உயரமானது. ஆகவே பேரேரியின் நீர் அதற்குள் புகுவதற்கு வழியில்லை. 1970களில் அந்த ஏரியின் மீன்களைச் சோதித்தபோது, மின்மாற்றி எண்ணெய்களில் அக்காலத்தில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் குளோரின் சேர்மங்கள் அவற்றில் காணப்பட்டன. பருத்தி வயல்களில் அக்காலத்தில் தெளிக்கப்பட்ட டாக்சஃபீன் என்ற பூச்சிக்கொல்லியும் அதே ஏரியில் பின்னர்க் கண்டறியப்பட்டது. பருத்தி விளைவதோ அமெரிக்காவின் தென்மாநிலங்களில். வானத்தைத் தவிர அந்த ஏரிக்கு வேறு வாசல் இல்லை. அதுவரை மாசு என்றால் குழாய்முனையிலிருந்து ஆற்றில் கொட்டுவது என்று கருதிவந்தோருக்கு இது பெரும் அதிர்ச்சி.

தப்பிச் செல்லும் நாட்டம்

இந்தப் புதிருக்குக் கணக்கு எழுதியவர்களுள் முதன்மையானவர் டான் மெக்கே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வேதிப் பொறியியல் பயின்று, கனடாவுக்குச் சென்று டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கடலில் கொட்டிய எண்ணெய் என்னவாகிறது என்பதையும் ஆராய்ந்தவர். வேதி ஆலை ஒன்றில் ஒரு பொருள் எந்தக் கலத்துக்குள் எவ்வளவு செல்லும் என்று கணிப்பது அப்பொறியியலின் அன்றாட வேலை. ஓர் ஏரிப்படுகையையே ஓர் ஆலையாக எண்ணினால் என்ன? காற்று ஒரு கலம், நீர் ஒரு கலம், மண் ஒன்று, வண்டல் ஒன்று, மீன் ஒன்று. இக்கலங்களுக்கு இடையே பொருள் எத்திசையில் நகரும் என்று சொல்ல ஒரு பொது அளவுகோல் வேண்டும்.

செறிவு அதற்கு உதவாது. நீரில் ஒரு பங்கும் மீனில் பத்தாயிரம் பங்கும் இருக்கும்போதும் பொருள் நீரிலிருந்து மீனுக்கே சென்றுகொண்டிருக்கலாம். மெக்கே கையிலெடுத்தது பழைய கருவி ஒன்றை. 1901ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ், ஒரு பொருள் தான் இருக்கும் இடத்தை விட்டுத் தப்பிச் செல்ல எவ்வளவு நாட்டம் கொண்டிருக்கிறது என்பதை அளக்க ஃபியூகாசிட்டி என்ற அளவை உருவாக்கியிருந்தார். ஓட்டம் என்று பொருள்படும் இலத்தீன் சொல் அதன் வேர். இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'தப்புத்திறன்' என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். வகுப்பில் அச்சொல்லைக் கேட்கும் மாணவர், தவறு செய்யும் திறன் என்று பொருள் கொள்வார் என்பதால் அதனை விட்டுவிட்டேன். 'வெளியேறு நாட்டம்' என்று இவ்வுரையில் வழங்குகிறேன். இதைவிடச் சிறந்த சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

வெப்பத்தை நினைத்துக்கொண்டால் இக்கருத்து எளிதில் விளங்கும். ஒரு குவளைத் தேநீரில் உள்ள வெப்பத்தைவிட ஓர் அறை முழுவதிலும் உள்ள காற்றில் அதிக வெப்பம் இருக்கலாம். ஆயினும் வெப்பம் தேநீரிலிருந்து அறைக்கே செல்கிறது. ஏனெனில் தேநீரின் வெப்பநிலை உயர்ந்தது. அவ்வாறே வெளியேறு நாட்டம் உயர்ந்த கலத்திலிருந்து தாழ்ந்த கலத்துக்குப் பொருள் நகரும். ஒவ்வொரு கலமும் அப்பொருளை எவ்வளவு தாங்கிக்கொள்ளும் என்பதற்கு ஒரு கொள்ளளவு எண் உண்டு. மீனின் கொழுப்புக்குக் குளோரின் சேர்மங்களைத் தாங்கும் கொள்ளளவு மிகப் பெரிது. அதனால்தான் பத்தாயிரம் பங்கு இருந்தும் மீன் இன்னும் நிறையவில்லை. 1979இல் மெக்கே இக்கருத்தை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. கணினி அரிதாக இருந்த காலத்தில் அந்த எளிமைதான் அதனைப் பல நாடுகளுக்குக் கொண்டு சேர்த்தது என்பது என் கருத்து.

வட்டாரம் என்ற பெட்டி

மெக்கேயின் தொடக்கக் கணக்குகளில் இருந்த உலகம் கற்பனை உலகம். பிற்காலத்தில் அவர் குழுவினர் ஒப்பீட்டுக்கெனத் தரப்படுத்திய கற்பனை நிலப்பரப்பு ஒன்று 1,00,000 சதுர கிலோமீட்டர் கொண்டது. அதில் பத்தில் ஒரு பங்கு நீர். காற்றின் உயரம் 1,000 மீட்டர், நீரின் ஆழம் 20 மீட்டர், மண்ணின் ஆழம் 20 சென்டிமீட்டர். இப்படியோர் ஊர் உலகில் எங்கும் இல்லை. இரண்டு வேதிப்பொருள்களுள் எது அதிகம் நிலைத்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். 'எங்கள் ஆற்றில் எவ்வளவு இருக்கும்?' என்று கேட்கும் ஊராருக்கு அது போதாது.

ஆகவே கற்பனை நிலத்தை மெய்யான நிலமாக மாற்றும் பணி 1990களில் தொடங்கியது. கனடாவை 24 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வெப்பநிலை, மழை, நீர்ப்பரப்பு ஆகியவற்றை இட்டனர். நெதர்லாந்தின் பொதுநல ஆய்வு நிறுவனம் 'சிம்பிள்பாக்ஸ்' என்ற மாதிரியை உருவாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய வேதிப்பொருள்களின் இடரை மதிப்பிட அதனையே ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியா தனக்கென ஒன்றை எழுதிக்கொண்டது. 2001இல் பெர்க்லி ஆய்வகமும் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட அமெரிக்கா முழுவதையும் 24 சூழல் வட்டாரங்களாகவும், ஒவ்வொரு வட்டாரத்தையும் ஏழு கலங்களாகவும் பிரித்து 168 சமன்பாடுகளை ஒன்றாக இணைத்தன. காற்றும் ஆறும் கடலோர நீரோட்டமும் வட்டாரங்களுக்கு இடையே பொருளைக் கொண்டு செல்லும் வகையில் அவை கோக்கப்பட்டன. தென்மாநிலப் பருத்தி வயல்களின் டாக்சஃபீன் பேரேரிகளை எவ்வாறு அடைகிறது என்ற பழைய புதிருக்கு இந்தப் பின்னலின் துணையோடு விடை தேட முடிந்தது.

இங்கே சற்று நின்று ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த தர வட்டாரத்தின் வெப்பநிலை 12 பாகை செல்சியஸ்; ஆண்டு மழை 700 மில்லிமீட்டர். சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலையோ 27 பாகைக்கு மேல்; மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். நம் வட்டாரத்தைக் கணிக்க விரும்புவோர் செய்ய வேண்டியது இரண்டு எண்களை அழித்து வேறு இரண்டு எண்களை எழுதுவது மட்டும்தானா?

அப்படி எண்ணியவர்கள் உண்டு. ஆனால் எண்களை மாற்றியவுடன் அடுத்தடுத்த சிக்கல்கள் எழுந்தன. வெப்பம் ஏறும்போது நீரிலிருந்து காற்றுக்குத் தப்பும் நாட்டம் பன்மடங்கு ஏறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் நஞ்சைச் சிதைக்கும் வேகமும் மாறுகிறது. ஆனால் அந்த வேகத்தை அளந்த ஆய்வகங்களுள் மிகப் பெரும்பாலானவை குளிர்நாட்டு மண்ணைத்தான் அளந்திருந்தன. நம் மண்ணோ ஓரிடத்தில் செம்மண். ஜொகூரிலும் சரவாக்கிலும் கரிமப் பொருள் செறிந்த சதுப்புநிலக் கரிமண். குளோரின் சேர்மங்கள் கரிமப் பொருளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், இவ்விரு மண்ணுக்கும் ஒரே கொள்ளளவு எண்ணை இடுவது பொருந்தாது.

மழையின் கதை இதைவிடச் சுவையானது. தொடக்ககால மாதிரிகள் ஆண்டு மழை முழுவதையும் 365 நாளுக்கும் சமமாகப் பங்கிட்டன. ஆண்டு முழுவதும் ஓயாமல் தூறிக்கொண்டே இருக்கும் உலகம் அது! ஓயாத தூறலில் காற்று ஒருபோதும் மாசைச் சேர்த்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது, எழுந்தவுடன் கழுவப்பட்டுவிடும். மெய்யான வானம் அப்படியா நடந்துகொள்கிறது? பிற்பகலில் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கிறது. பின் சில நாள் வறட்சி. அந்த வறண்ட இடைவெளியில் மாசு எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் கேள்வி. விட்டுவிட்டுப் பெய்யும் மழையைக் கணக்கில் சேர்த்தபோது, நீரில் நன்றாகக் கரையும் பொருள்கள் முன்பு எண்ணியதைவிடத் தொலைவு செல்லக்கூடும் என்பது தெரியவந்தது. கோலாலம்பூரில் ஒரு பிற்பகலைக் கழித்தவருக்கு இது வியப்பளிக்காது.

வெள்ளாற்றங்கரையில்

மாதிரி என்ன சொல்லும் என்பதைவிட, நிலம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டவர்கள் பரங்கிப்பேட்டையில் இருந்தார்கள்.

வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் இடத்தில் உள்ள இவ்வூரைப் போர்த்துகீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறை என்று அழைத்தனர். பினாங்குக்கும் கெடாவுக்கும் துணிமூட்டைகளோடு வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலருக்கு இவ்வூரும் நாகூரும் காரைக்காலும் தாய்த்துறைகள். அந்த வகையில் மலேசியத் தமிழருக்கு இது அறிமுகமான பெயர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்குதான் இருக்கிறது.

1980களின் இறுதியில் அம்மையத்தின் அ. சுப்பிரமணியன் உள்ளிட்ட ஆய்வாளர்களும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரியோ தத்சுகாவா, ஷின்சுகே தனாபே முதலியோரும் இணைந்து வெள்ளாற்றுப் படுகையில் பணியாற்றினர். அவர்கள் பின்தொடர்ந்த பொருள் எச்.சி.எச். என்பது. உழவர்கள் அதனை பி.எச்.சி. தூள் என்றே அறிவார்கள். மலிவானது, நெற்பயிருக்கு ஏராளமாகத் தூவப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளின் கலவையான அதில் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உடையது காமா வகை ஒன்றே. பெரும்பகுதியாக இருப்பது ஆல்ஃபா வகை. அதாவது உழவர் விலைகொடுத்து வாங்கித் தூவியதில் பெரும்பங்கு பூச்சிக்குத் தொல்லை தராத சுமை.

இந்தத் தூள் எங்கே போகிறது? குளிர்நாட்டு அனுபவம் தந்த விடை தெளிவாக இருந்தது: மண்ணில் தங்கும், மழையில் கரைந்து ஆற்றில் சேரும், ஆறு அதைக் கடலில் சேர்க்கும். ஆகவே ஆற்றையும் வண்டலையும் அளந்தால் போதும். பரங்கிப்பேட்டைக் குழுவினர் அதோடு நிற்கவில்லை. காற்றைப் பருவந்தோறும் சேகரித்து அளந்தனர். வயலில் எச்.சி.எச். இட்டு, அது மண்ணிலும் நீரிலும் காற்றிலும் எவ்வாறு குறைகிறது, கூடுகிறது என்று பார்த்தனர். கழிமுகத்தின் நீரோட்டத்தையும் கணக்கில் எடுத்தனர்.

1991இல் வெளியான விடை இது: இட்ட எச்.சி.எச்.சில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் காற்றுக்குச் சென்றுவிட்டது. ஆற்றின் கழிமுகத்தை அடைந்தது நூற்றில் அரைப்பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கிலும் பெரும்பகுதி கழிமுக நீரிலிருந்து ஆவியாகி மேலே எழுந்துவிட்டது. ஆற்று வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்விடையின் கனத்தை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். வண்டலில் நஞ்சு குறைவாக இருந்ததைக் கண்டு 'இந்தியக் கழிமுகங்கள் தூய்மையாக உள்ளன' என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கலாம். அளவீடு பொய்யில்லை, முடிவு மட்டும் பொய். நீர் தேங்கி நிற்கும் வயல், கொளுத்தும் வெயில், வீசும் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து வயலையே ஓர் ஆவியாக்கும் கலமாக மாற்றியிருந்தன. குளிர்நாட்டு மாதிரியில் இப்படியொரு கலமே கிடையாது. அதில் மண் என்றால் மண், நீர் என்றால் நீர். ஆண்டின் பாதியில் நிலமாகவும் பாதியில் குளமாகவும் இருக்கும் நெல்வயலை எந்தப் பெட்டியில் இடுவது? கெடா சமவெளியைக் கணிக்க முற்படும் எவரும் இன்றும் இக்கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும்.

தொலைவிலிருந்த தாய்மார்

வெள்ளாற்றங்கரையிலிருந்து எழுந்தது எங்கே இறங்கியது? அதே 1980களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தாய்ப்பாலில் மாசு உள்ளதா என்று மருத்துவர் எரிக் திவாய் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆலைகளற்ற வடகோடியில் வாழும் இனுவிட் தாய்மாரின் பாலைத் தூய்மையான ஒப்பீட்டுக்காக எடுத்துப் பார்த்தபோது, தெற்கே நகரங்களில் வாழும் தாய்மாரினும் பன்மடங்கு அதிகமான பி.சி.பி. அதில் இருந்தது. கடல்நாயையும் திமிங்கிலத்தையும் உண்டு வாழும் மக்கள் அவர்கள். நஞ்சு ஒவ்வொரு உயிரின் கொழுப்பிலும் படிப்படியாகச் செறிந்து இறுதியில் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது.

மெக்கேயின் மாணவர் ஃபிராங்க் வானியாவும் மெக்கேயும் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தனர். வெப்பமான இடத்தில் ஆவியாகும் பொருள் குளிர்ந்த இடத்தில் படியும். கோடையில் மீண்டும் எழுந்து மேலும் வடக்கே சென்று படியும். வெட்டுக்கிளி தாவித் தாவிச் செல்வது போன்றது இது. உலகத்தையே வெப்ப மண்டலம் முதல் துருவம் வரை பட்டைகளாகப் பிரித்து அவர்கள் கணக்கிட்டனர். அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்துகொண்ட பொருள்களுள் ஆல்ஃபா எச்.சி.எச். முதன்மையானது. கடல்நீரை அளந்தவர்கள் கண்டதும் அதற்கு ஒத்துப்போயிற்று: அது தூவப்பட்ட வெப்பநாட்டுக் கரைகளைவிட, தூவப்படாத வடகடலின் மேற்பரப்பில் அதன் செறிவு அதிகமாக இருந்தது.

வடதுருவத்தில் சேர்ந்த எச்.சி.எச். முழுவதும் தமிழ்நாட்டிலிருந்து சென்றது என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பிழை. சீனா, சோவியத் நாடு, ஐரோப்பா, வட அமெரிக்கா என எல்லாரும் தூவினர். 1983இல் சீனா அதன் பயன்பாட்டை நிறுத்தியது. இந்தியா 1997இல் தடை செய்தது. உலகில் தூவுவது குறையக் குறைய வடதுருவக் காற்றிலும் அது குறைந்தது. அப்போது நிகழ்ந்ததுதான் வெளியேறு நாட்டம் என்ற அளவுகோலின் வலிமையைக் காட்டியது. பல பத்தாண்டுகளாகக் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வடகடல், காற்றில் செறிவு குறைந்ததும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. 1995இல் டெர்ரி பிடில்மனும் உடனாய்வாளர்களும் இத்திருப்பத்தை அறிவித்தனர். நஞ்சு பெற்ற கடலே நஞ்சு தரும் ஊற்றாயிற்று. வயலில் தூவுவதை நிறுத்தினால் கணக்கு முடிந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1999இல் நைரோபியில் நிலைத்த கரிம மாசுகள் குறித்த பேச்சுவார்த்தை நடந்தபோது, இனுவிட் தலைவர் ஷீலா வாட் குளூட்டியே ஒரு சிறு சிற்பத்தை வழங்கினார். இனுவிட் தாயும் சேயும் அதில் செதுக்கப்பட்டிருந்தனர். பின்னர் நடந்த கூட்டங்களிலும் அச்சிற்பம் தலைவரின் மேசையில் இருந்தது. 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் 12 பொருள்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கையெழுத்தானது; 2004இல் நடைமுறைக்கு வந்தது. புதிய பொருள் ஒன்றைப் பட்டியலில் சேர்க்க அது நெடுந்தொலைவு செல்லக்கூடியது என்று காட்ட வேண்டும். தொலைவிடத்தில் அளந்த செறிவைக் காட்டலாம். கணிப்பு மாதிரியின் விடையையும் காட்டலாம் என்று உடன்படிக்கையின் இணைப்பு இடம் தருகிறது. சமன்பாடு சாட்சியாக ஏற்கப்பட்டது என்று இதற்குப் பொருள். லிண்டேன் என்னும் காமா எச்.சி.எச்.சும் அதன் துணைவகைகளும் 2009இல் பட்டியலில் சேர்ந்தன.

சாட்சி என்றால் குறுக்கு விசாரணையும் உண்டு. இத்துறையில் கணிப்பும் அளவீடும் மூன்று மடங்குக்குள் ஒத்துப்போனால் நன்று என்பர். பத்து மடங்குக்குள் இருந்தால் பல வேளைகளில் ஏற்றுக்கொள்வர். பிற துறையினருக்கு இது நகைப்பைத் தரலாம். எனினும் ஒரு பொருளின் செறிவு இடத்துக்கு இடம் இலட்சம் மடங்கு வேறுபடும் உலகில், பத்து மடங்குக்குள் குறிசொல்வது எளிதன்று. எந்த எண்ணில் எவ்வளவு ஐயம் உள்ளது என்று உடன் எழுதும் பழக்கமே இக்கணக்குகளில் நான் மதிக்கும் பகுதி. அந்தப் பழக்கம் இல்லாதவர் தரும் வண்ணப்படங்களை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

நம் வானத்துக்கு வந்த மாதிரி

இறுதியாக நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே எல்லை கடந்த மாசு என்றவுடன் யாவரும் நினைப்பது புகைமூட்டத்தை. 1997, 2015 ஆகிய ஆண்டுகளின் புகைமூட்டம் பள்ளிகளை மூடவைத்தது. இதனைக் கணிக்கச் சிங்கப்பூர் வானிலை ஆய்வு நிலையம் பிரிட்டனின் வானிலைத் துறையோடு இணைந்து தகவமைத்துக்கொண்ட மாதிரி முற்றிலும் வேறு நோக்கில் பிறந்தது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், கதிரியக்கத் துகள்கள் எங்கே இறங்கும் என்று கணிப்பதற்காகப் பிரிட்டன் எழுதிக்கொண்டது அது. மெக்கேயின் பெட்டிகள் போலன்றி, இதில் கற்பனைத் துகள்கள் எண்ணற்றவை காற்றில் விடப்பட்டு ஒவ்வொன்றும் செல்லும் பாதை பின்தொடரப்படுகிறது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய விமானங்களை நிறுத்தியபோதும் இதே மாதிரிதான் பயன்பட்டது.

அணு உலைக்கும் சுமத்ராவின் தீக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உலை ஒரே இடத்தில் இருப்பது. தீயோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான இடங்களில் எரிவது. ஆகவே செயற்கைக்கோள் காணும் தீயின் வெப்பத்திலிருந்து புகையின் அளவை நாள்தோறும் மதிப்பிட்டு மாதிரிக்குத் தர வேண்டியிருந்தது. காற்றின் திசையை மாதிரி நன்றாகவே பின்பற்றியது. பருவக்காற்று நமக்குச் செய்யும் உதவி அது. நலிந்த கண்ணி புகையின் அளவுதான். மேகம் சூழ்ந்த நாளில் செயற்கைக்கோள் தீயைக் காணாது. கரிமண்ணில் பற்றிய தீ மண்ணுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும்போது மேலே வெப்பம் குறைவாகவும் புகை மிகுதியாகவும் இருக்கும். செம்பனைத் தோட்டமும் சதுப்புக் காடும் அடுத்தடுத்து உள்ள இடங்களில் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கரிமண் எரிந்தது என்பதை வானிலிருந்து காண வழியில்லை. அதனை அறிய ஒருவர் தீ அணைந்தபின் அங்கே நடந்து சென்று, அளவுகோலை மண்ணில் ஊன்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.